ஐந்தாவது அக்கா

வாசகி: அக்கா லீவுன்னா... எப்ப வருவாங்க சார்?

ஆசிரியர்: சொல்ல முடியாதும்மா. ஊர்லயே இல்ல அவங்க.

வாசகி: போன வாரம் போன் பண்ணப்பவும் இதையேதான் சொன்னீங்க. அதுக்கு முந்தின வாரமும்...

ஆசிரியர்: ஓ, அது நீங்கதானா? உட்காருங்க. ஐயோ, அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இப்படி வாங்க. அந்தப் பழைய இதழ்க் கட்டைத் தள்ளி வச்சிட்டு உட்காருங்க.

வாசகி: பரவால்ல சார், நிக்கறேன். நாலு மணிக்கு எனக்கு பஸ். அக்காவை ஒரே ஒரு நிமிஷம் பாத்தா போதும்.

ஆசிரியர்: என்னன்னு எங்கிட்ட சொல்லுங்க. நான் எழுதி வச்சு அவங்க வந்ததும்...

வாசகி: எழுதி வைக்கற விஷயம் இல்ல சார்.

ஆசிரியர்: பத்திரிகை ஆபீஸ்மா இது. இங்க எல்லாமே எழுதி வைக்கற விஷயம்தான்.

வாசகி: ஐயோ, என்ன சார் இது... தரையெல்லாம் அதிருது?

ஆசிரியர்: கீழ மெஷின் ஓட ஆரம்பிச்சிருச்சு. பயப்படாதீங்க, கட்டடம் விழாது. முப்பது வருஷமா இப்படித்தான் ஆடிட்டிருக்கு. சரி, எதுக்கு அக்காவைப் பாக்கணும்?

வாசகி: அது வந்து... என் பொண்ணு காலேஜ்ல ஒரு ப்ராஜெக்ட் சார். பழைய பத்திரிகைகளைப் பத்தி. "அக்கா இருக்கேன்" கேள்வி-பதில் பக்கத்தைப் பத்தி எழுதணுமாம்.

ஆசிரியர்: பொண்ணு வரலையா?

வாசகி: அவளுக்குப் பரீட்சை.

ஆசிரியர்: பரீட்சையும் ப்ராஜெக்ட்டும் ஒண்ணாவா? பாவம்.

வாசகி: ...அதோ அந்தப் படம் அக்காதானே? சுவத்துல.

ஆசிரியர்: ஆமா.

வாசகி: நான் கல்யாணம் ஆகி வந்தப்ப இதே படம்தான் பக்கத்துல வரும். இப்பவும் இதே படம். இதே சிரிப்பு. அவங்களுக்கு வயசே ஆகாதா சார்?

ஆசிரியர்: ம்... அச்சுல வந்தவங்களுக்கு வயசாகறதில்லம்மா.

வாசகி: விளையாடாதீங்க சார். உயிரோட இருக்காங்களா, இல்லையா?

ஆசிரியர்: தெரியாது.

வாசகி: தெரியாதா?

ஆசிரியர்: அந்தப் படத்துல இருக்கறது யாருன்னே தெரியாதும்மா. யாரோ ஒரு அம்மா ஸ்டுடியோவுல படம் எடுத்துட்டு, திரும்ப வாங்க வரவே இல்ல. அந்தக் காலத்துல எங்க முதலாளி அதை வாங்கிட்டு வந்து போட்டுட்டாரு. முகத்துல ஒரு நிம்மதி தெரியுதாம்.

வாசகி: அப்போ... பதில் எழுதினது?

ஆசிரியர்: முதல்ல முதலாளியோட மச்சான். இவ்ளோ பெரிய மீசை. துணியில கறை போறதுக்கு வழி கேட்டுத்தான் அப்ப கடிதம் வரும். மீசையைத் தடவிக்கிட்டே "தங்கையே, எலுமிச்சம்பழச் சாறு தடவு"ன்னு எழுதுவாராம். கறையைப் பத்திக் கேட்டவங்க கொஞ்சம் கொஞ்சமா வீட்டைப் பத்தி, புருஷனைப் பத்திக் கேக்க ஆரம்பிச்சாங்க. அவருக்கு வேர்த்துப் போச்சு. எழுந்து ஓடிட்டாரு. அப்புறம் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அப்புறம் ஒருத்தரு, பதில் எழுதறேன்னுட்டு எல்லாருக்கும் ஜோசியம் சொல்லிட்டிருந்தாரு. நாலாவது ஆள் ரெண்டே மாசம்.

வாசகி: அஞ்சாவது?

ஆசிரியர்: உங்க முன்னாடிதாம்மா உட்கார்ந்திருக்கேன். இருபத்திமூணு வருஷமா.

வாசகி: ...தண்ணி இருக்கா சார்?

ஆசிரியர்: இந்தாங்க. மெதுவா குடிங்க.

வாசகி: எத்தனை பொம்பளைங்க சார்... எத்தனை பேரு அம்மாகிட்டகூடச் சொல்லாததை உங்களுக்கு எழுதியிருப்பாங்க. அக்கா, அக்கான்னு. அதையெல்லாம் ஒரு ஆம்பளை பிரிச்சுப் படிச்சிட்டு... இங்க உட்கார்ந்துக்கிட்டு... ச்சே!

ஆசிரியர்: திட்டுங்கம்மா. யாராவது ஒரு நாள் வந்து திட்டுவாங்கன்னு தெரியும். ஆனா ஒண்ணு, யாரோட கடிதத்தையும் நான் இன்னொருத்தர்கிட்ட காட்டினதில்ல. இந்த நாற்காலிக்கு வர்றப்பவே முதலாளிகிட்ட சத்தியம் பண்ணிக் குடுக்கணும். வீட்லகூட மூச்சு விடக் கூடாது. நான் விளையாட்டுப் பக்கம் பாக்கறேன்னுதான் என் வீட்ல எல்லாரும் நினைச்சிட்டிருந்தாங்க. பந்தயம் நடந்தா என்கிட்ட ஸ்கோர் கேப்பாங்க. ஒரு எழவும் தெரியாது எனக்கு.

வாசகி: சிரிப்பு வரல சார்.

ஆசிரியர்: வராதுதான்.

வாசகி: ப்ராஜெக்ட்டுன்னது பொய்.

ஆசிரியர்: தெரியும்மா. ப்ராஜெக்ட்டுக்கு வந்தவங்க கைப்பையை இப்படி இறுக்கிப் புடிச்சிட்டு நிக்க மாட்டாங்க. உள்ள என்ன வச்சிருக்கீங்க?

வாசகி: இது... பாத்துத் தொடுங்க, மடிப்பு எல்லாம் விட்டுப்போச்சு.

ஆசிரியர்: நம்ம பக்கம்தான். பதினொரு வருஷம் இருக்குமே இது?

வாசகி: பதினொரு வருஷம், மூணு மாசம். மேல இருக்கற கடிதம் சார். படிங்க.

ஆசிரியர்: படிக்க வேணாம்மா. எனக்கு...

வாசகி: படிங்க சார். வாய்விட்டு.

ஆசிரியர்: "அக்கா, அவர் என்னை அடிப்பதில்லை. திட்டுவதில்லை. ஆறு வருடமாக என்னிடம் பேசுவதில்லை. தண்ணீர் வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வார். பாத்திரம் கழுவும்போது குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதுகொள்கிறேன். வெளியே கேட்காது..."

வாசகி: போதும்.

ஆசிரியர்: நீங்க எழுதினதா?

வாசகி: நான் எழுதல சார். ஆனா இது என் கடிதம்.

ஆசிரியர்: ...புரியலம்மா.

வாசகி: எனக்கும்தான் புரியல. பதினொரு வருஷமா. என் வீட்டுக்காரர் சுவத்துக்குத்தான் சொல்வாரு. "சட்டை எங்க"ன்னு சுவத்தைக் கேப்பாரு. நான்தான் எடுத்துக் குடுப்பேன். குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுவேன். இதை நான் ஒரு ஜீவன்கிட்ட சொன்னதில்ல சார். சத்தியமா சொன்னதில்ல. அப்புறம் எப்படி அச்சுல வந்துச்சு?

ஆசிரியர்: பதிலும் படிச்சிருப்பீங்க...

வாசகி: பாடம் மாதிரி சொல்லுவேன். "உன் வீட்டுக் கதவுக்கு உள்பக்கமும் தாழ்ப்பாள் இருக்கிறது. திறந்துகொண்டு கிளம்பு. எங்கே போவது என்பதை வெளியே வந்து யோசிக்கலாம்." ஒன்பது வயசுப் பொண்ணைக் கையில புடிச்சிட்டுக் கிளம்பிட்டேன் சார். ஒரு வாரத்துல.

ஆசிரியர்: ஐயோ.

வாசகி: ஐயோன்னு சொல்லாதீங்க. நல்லாத்தான் இருக்கேன். நர்சரி ஸ்கூல்ல ஆயா வேலையில ஆரம்பிச்சேன், இப்ப அங்கயே டீச்சர். நாள் பூரா பேசிட்டே இருக்கேன். தொண்டை கட்டற அளவுக்குப் பேசறேன்.

ஆசிரியர்: அப்போ இத்தனை வருஷம் கழிச்சு இங்க எதுக்கும்மா?

வாசகி: அந்தக் கடிதத்தைப் பாக்கணும். யாரோட கையெழுத்துன்னு தெரியணும். எனக்காக யாரோ எழுதியிருக்காங்க சார். அந்த வீட்ல இருந்த யாரோ.

ஆசிரியர்: இருக்காதும்மா. ஆறு மாசத்துக்கு மேல எந்தக் கடிதத்தையும் வைக்க மாட்டோம். பழைய பேப்பர்காரன்...

வாசகி: தேடிப் பாருங்க சார்.

ஆசிரியர்: வாரத்துக்கு ஒரு சாக்கு வரும்மா, அந்தக் காலத்துல. எங்கேன்னு தேடறது?

வாசகி: நாலு மணி பஸ் எங்க போகுதுன்னு நீங்க கேக்கவே இல்லையே.

ஆசிரியர்: எங்க போகுது?

வாசகி: அந்த ஊருக்குத்தான். என் மாமியார் ஆஸ்பத்திரியில இருக்காங்க. நாலு நாளா என்னைக் கேக்கறாங்களாம். ஓரகத்தி போன் பண்ணினா. இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டர் சொல்லிட்டாராம்.

ஆசிரியர்: போக வேண்டியதுதானே?

வாசகி: எதுக்குப் போகணும்? பத்து வருஷம் அந்த வீட்ல இருந்தேன். தன் பையனைப் பாத்து "ஏண்டா அவகிட்ட பேச மாட்டேங்கற"ன்னு ஒரு வார்த்தை கேட்டதில்ல அந்தம்மா. நான் பெட்டியோட கிளம்பறப்ப கூடத்துலதான் உட்கார்ந்திருந்தாங்க. தலையைத் தூக்கல. மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாங்க, துடைச்சாங்க, துடைச்சுக்கிட்டே இருந்தாங்க. போகாதேன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. ஆனா இந்தக் கடிதத்தை அவங்க எழுதியிருந்தா... நான் போகணும் சார். ஓடணும். அவங்க எழுதலேன்னா அங்க எனக்கு யாருமில்ல. நாலு மணிக்குள்ள எனக்குத் தெரியணும். இப்ப சொல்லுங்க, வயசானவங்க கையெழுத்தா? கொஞ்சமாவது ஞாபகம் இருக்குமே!

ஆசிரியர்: ஆமான்னு சொன்னா கிளம்பிடுவீங்க.

வாசகி: ஆமா.

ஆசிரியர்: சொல்லிடலாம். சொல்றது ஒண்ணும் பெரிய கஷ்டமில்ல... இல்லம்மா. உங்க மாமியார் எழுதல.

வாசகி: எப்படி அடிச்சுச் சொல்றீங்க?

ஆசிரியர்: அது... அது நான் எழுதினது.

வாசகி: என்னது?

ஆசிரியர்: கடைசி நேரத்துல ஒரு குக்கர் விளம்பரத்தை நிறுத்திட்டாங்க. பக்கத்துல பாதி காலி. கீழ மெஷின் காத்திட்டிருக்கு. காலிப் பக்கத்தோட புத்தகம் வர முடியுமா? உட்கார்ந்து ஒரு கடிதத்தை நானே எழுதி, பதிலையும் நானே எழுதிப் போட்டேன். பத்திரிகைத் தொழில்ல இதெல்லாம்...

வாசகி: குக்கர் விளம்பரம் வந்திருந்தா?

ஆசிரியர்: வந்திருந்தா அந்தக் கடிதம் வந்திருக்காது.

வாசகி: நானும் அந்த வீட்லயே இருந்திருப்பேன். ஒரு குக்கருக்குப் பதிலா வந்த பக்கத்தையா சார் நான் பதினொரு வருஷம் பைக்குள்ள வச்சிருந்தேன்?

ஆசிரியர்: அழாதீங்கம்மா... இருங்க, ஒண்ணு காட்டறேன். இந்த டிராயர் இழுத்தா சத்தம் போடும். இதோ. எண்ணிப் பாருங்க, பதினேழு இருக்கும்.

வாசகி: என்ன இதெல்லாம்?

ஆசிரியர்: அந்த இதழ் வெளிய வந்த பிறகு வந்த கடிதம். இதை மட்டும் பழைய பேப்பர்காரனுக்குப் போடல. எல்லாம் உங்கள மாதிரியே. "என் கதையை உங்களுக்கு எழுதினது யாரு?" ஒருத்தி நாத்தனார் மேல சந்தேகப்படறா. இன்னொருத்தி பக்கத்து வீட்டோட பேச்சையே விட்டுட்டா. இந்தாங்க, இவங்களுக்கு அறுபது வயசு. சுவர், குழாய் எல்லாம் அப்படியே இருக்கு.

வாசகி: பதினேழு பேரா...

ஆசிரியர்: எழுதினவங்க பதினேழு. அப்ப நாங்க ரெண்டு லட்சம் பிரதி போட்டோம்மா. எழுதாதவங்களை யாரு எண்ணினா?

வாசகி: அந்தப் பழுப்புக் கவரு? அதை மட்டும் தனியா வச்சிருக்கீங்க?

ஆசிரியர்: அது வேற. அதை விடுங்க.

வாசகி: சரி சார்... நான் கிளம்பறேன். வீட்டுக்கே போயிடறேன். யாரும் எனக்காக எழுதலேன்னு தெரிஞ்சுபோச்சு. இதுவும் ஒரு பதில்தான்.

ஆசிரியர்: ஒரு நிமிஷம் இருங்க. அப்ப உங்க மாமியார் வீட்டுக்கு நம்ம புத்தகம் என்னிக்கு வரும்?

வாசகி: எதுக்கு?

ஆசிரியர்: சொல்லுங்களேன்.

வாசகி: வெள்ளிக்கிழமை. பேப்பர்காரர் வாசல்ல போட்டுட்டுப் போவாரு.

ஆசிரியர்: யாரு முதல்ல எடுப்பாங்க? விளம்பரம் குடுக்கறவங்க எங்களை இதைத்தான் கேப்பாங்கம்மா. ஒரு பிரதியை எத்தனை பேர் படிக்கறாங்க, யார் கையிலிருந்து யார் கைக்குப் போகுதுன்னு. அதுக்காக வீடு வீடா போய்க் கேட்டிருக்கோம். ஒரு பிரதிக்கு ஏழு பேர். ஆனா எந்த வீட்டுக்குப் போனாலும் சின்ன மருமகதான் கடைசி.

வாசகி: எங்க வீட்லயும் அப்படித்தான். முதல்ல மாமியார். ஞாயித்துக்கிழமை வரைக்கும் யாரும் தொட முடியாது. அப்புறம் ஓரகத்தி. என் கைக்கு வர்றதுக்குள்ள புதன்கிழமை ஆயிடும். அட்டை கிழிஞ்சு, பாதி குறுக்கெழுத்து நிரம்பித்தான் வரும்.

ஆசிரியர்: இந்த இதழ்?

வாசகி: இது மட்டும் அன்னிக்கே கிடைச்சுது. வெள்ளிக்கிழமை ராத்திரி. படுக்கப் போறேன், தலைகாணிக்கு அடியில...

ஆசிரியர்: தலைகாணிக்கு அடியிலயா?

வாசகி: ஆமா. இந்தப் பக்கம் மேல தெரியற மாதிரி மடிச்சு... நகத்தால அழுத்தி மடிச்சிருந்துச்சு. பாருங்க, இந்த மடிப்புதான்.

ஆசிரியர்: யாரு வச்சாங்க?

வாசகி: தெரியாது. எழுதினது யாருன்னுதான் இத்தனை வருஷமா மண்டையைப் போட்டு உடைச்சிட்டிருந்தேன். வச்சது யாருன்னு... நான் யோசிக்கவே இல்லையே சார்.

ஆசிரியர்: வெள்ளிக்கிழமை புத்தகம் யார் கையிலம்மா இருக்கும்?

வாசகி: ...தலைகாணியெல்லாம் தைல வாசனை அடிச்சுது சார் அன்னிக்கு. என் தலைவலிக்கு யாரோ தடவிட்டுப் போன மாதிரி... எங்க வீட்ல தைலம் தொடறது ஒரே ஆள்தான். முட்டிவலிக்கு.

ஆசிரியர்: அவங்க படுக்கறது எங்க?

வாசகி: சமையல்கட்டை ஒட்டின ரூம். கட்டில் தலைமாடு அந்தச் சுவத்துப் பக்கம்தான். சார்... குழாய் அந்தச் சுவத்துலதான் சார் இருக்கு!

ஆசிரியர்: உட்காருங்க. உட்காருங்கம்மா.

வாசகி: எல்லாம் கேட்டிருக்கு அவங்களுக்கு. கேட்டுட்டே படுத்திருந்திருக்காங்க. வாயைத் திறந்து சொல்ல முடியல பாவி மனுஷிக்கு... நாலு நாளா என்னைக் கேக்கறாங்க, நான் இங்க வந்து கையெழுத்தைக் காட்டுன்னு நின்னுட்டிருக்கேன்!

ஆசிரியர்: மணி மூணே கால்தான் ஆகுது. பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷ நடைதான்.

வாசகி: வரேன் சார். உங்கள ஏதேதோ பேசிட்டேன்...

ஆசிரியர்: பரவால்ல, போங்க. உங்க பக்கத்தை எடுத்துக்கங்க.

வாசகி: சார்... ஒண்ணே ஒண்ணு கேக்கலாமா?

ஆசிரியர்: கேளுங்க.

வாசகி: கல்யாணமான நாள்லேர்ந்து இந்தப் பக்கத்தைப் படிக்கறேன். பொறுத்துப் போ, நாளாக நாளாகச் சரியாகும், குழந்தைகளை நினைச்சுப் பாரு. எல்லாருக்கும் இதான் பதில். இந்த ஒருத்திக்கு மட்டும்தான் கிளம்புன்னு சொன்னீங்க. சும்மா பக்கம் நிரப்பறதுக்கா அப்படி எழுதுவீங்க?

ஆசிரியர்: ...பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா.

வாசகி: சுவத்தைக் கற்பனை பண்ணலாம் சார். குழாயை... அதை ஒரு ஆம்பளையால கற்பனை பண்ண முடியாது. அந்தப் பழுப்புக் கவர்ல என்ன இருக்கு?

ஆசிரியர்: அந்தக் கடிதம்தான்.

வாசகி: நீங்களே எழுதினேன்னீங்க.

ஆசிரியர்: பொய். குக்கரும் பொய். கவரைப் பாத்ததுமே கையெழுத்து தெரிஞ்சுபோச்சு. அவளுக்கு எழுதப் பழக்கினதே நான்தான். கையைப் புடிச்சு, சிலேட்டுல.

வாசகி: உங்க... தங்கச்சியா?

ஆசிரியர்: ஆமா. யாருக்கு எழுதறோம்னு அவளுக்குத் தெரியாதும்மா. "அக்கா"ன்னு ஆரம்பிச்சிருந்தா.

வாசகி: கடவுளே! படிச்சதும் ஓடிப்போய்ப் பாத்தீங்களா சார்?

ஆசிரியர்: ஒரே பஸ்ல போயிடற தூரம்தான் அவ வீடு. போய் நின்னா என்னன்னு சொல்றது? உன் கடிதத்தை நான்தான் படிச்சேன்னா? கூசிப்போயிடுவாளேன்னு நினைச்சேன். சத்தியம் வேற பண்ணியிருக்கேன்னு நினைச்சேன். பதில்தானே கேட்டிருக்கா, அச்சுல குடுத்துடலாம்னு நினைச்சேன். எல்லார் கடிதத்தையும் போல அவளோடதையும் வரிசையில வச்சேம்மா.

வாசகி: வரிசையிலயா?

ஆசிரியர்: பதினாறாவதா. வாரத்துக்கு ரெண்டு கடிதம்தான் போடுவோம். பக்கம் வேற மூணு வாரம் முன்னாடியே முடிஞ்சிடும்.

வாசகி: இந்தப் பதிலை அவங்க... படிச்சாங்களா?

ஆசிரியர்: புத்தகம் கடைக்குப் போன வெள்ளிக்கிழமை, அவ செத்துப்போய்ப் பதினொரு நாள் ஆகியிருந்துச்சு... மணி பாருங்கம்மா, மூணரை ஆகப்போகுது. கிளம்புங்க.